பார்லி வயலில் பிறந்த 'டி-டெஸ்ட்': பெயரை மறைத்து எழுதிய கோசெட் யார்?

கல்லூரியில் புள்ளியியல் பேப்பர் எழுதிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. 'ஸ்டூடன்ட் டி-டெஸ்ட்' என்ற பெயர் நிச்சயம் ஞாபகம் இருக்கும். உளவியல், மருத்துவம், எம்.பி.ஏ., வேளாண்மை என எந்தத் துறையில் புராஜெக்ட் செய்தாலும் கடைசியில் இது வந்து நிற்கும். இரண்டு சராசரிகளுக்கு இடையில் தெரியும் வித்தியாசம் நிஜமானதா, இல்லை தற்செயலா என்று பார்க்க உதவும் கணக்கு இது.

மாணவர்களுக்காக உருவாக்கியதால்தான் இந்தப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேற. 'ஸ்டூடன்ட்' என்பது ஒரு மனிதர் வைத்துக்கொண்ட புனைபெயர். அவர் பேராசிரியரும் இல்லை, முழுநேரக் கணித ஆய்வாளரும் இல்லை. பீர் தயாரிக்கும் கம்பெனியில் கடைசி வரை சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வியும் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது இல்லை. கையில் கொஞ்சம் விதைதான் இருக்கிறது, சில பாத்திகள்தான் இருக்கின்றன. இதை வைத்து எந்தப் பார்லி ரகத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வது, எதைத் தூக்கிப் போடுவது? இதுதான் அவருடைய கேள்வி.

யார் இந்த 'ஸ்டூடன்ட்'?

இயற்பெயர் வில்லியம் சீலி கோசெட். 1876 ஜூன் 13-ம் தேதி இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் பிறந்தார். அப்பா ராணுவப் பொறியாளர் பிரிவில் கர்னல். மகனும் அதே வழியில் போக வேண்டியது. கண்பார்வை சரியில்லாததால் அது நடக்கவில்லை.

வின்செஸ்டர் பள்ளியில் படித்துவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் சேர்ந்தார். படித்தது கணிதமும் வேதியியலும். இரண்டிலும் முதல் வகுப்பு. 1899-ல் படிப்பு முடிந்தது. அதே ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள கின்னஸ் மதுபான ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆமாம், நம்ம ஊரில் 'கின்னஸ் சாதனை' என்று சொல்கிறோமே, அதே கின்னஸ்தான். சாதனைப் புத்தகம் 1955-ல் வந்தது. கம்பெனி 1759-லேயே தொடங்கிவிட்டது. கோசெட் சேர்ந்தபோது உலகின் மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்று அது. அறிவியல் படித்த இளைஞர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பீர் கம்பெனிக்கு எதுக்குங்க கணக்கு?

பீருக்கு முக்கியமான மூலப்பொருள் பார்லி. அதை ஊறவைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தினால் கிடைப்பது மால்ட். பார்லியின் தரம் கொஞ்சம் மாறினாலும் மால்ட் மாறும், பீரின் சுவையும் மாறும். தானியத்தில் நைட்ரஜன் அதிகமாக இருந்தால் ஆலைக்காரர்களுக்குப் பிடிக்காது.

இது கம்பெனியின் கவலை. விவசாயியின் கவலை வேறு. ஆலைக்குப் பிடித்த ரகம் ஏக்கருக்குக் குறைவாக விளைந்தால் அவர் ஏன் அதைப் பயிரிடப் போகிறார்? கம்பெனிக்குத் தரம் வேண்டும், விவசாயிக்கு மகசூல் வேண்டும், இரண்டும் ஒரே ரகத்தில் வேண்டும். அதனால் 1900-களின் தொடக்கத்தில் அயர்லாந்து வேளாண் துறையும் கின்னஸும் கைகோத்து, நாட்டின் பல பகுதிகளில் உள்ள பண்ணைகளில் பார்லி ரகங்களைச் சோதிக்க ஆரம்பித்தன.

அந்தச் சோதனைகளில் முக்கியமான போட்டி ஆர்ச்சர், கோல்ட்தார்ப் என்ற இரண்டு ரகங்களுக்கு இடையே. சோதனை முறை என்னவோ எளிமையானதுதான். பக்கத்துப் பக்கத்தில் விதைப்பது, அறுப்பது, எடைபோடுவது. அவ்ளோதான். முடிவைப் படிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பண்ணையில் ஆர்ச்சர் முந்தும், இன்னொரு பண்ணையில் கோல்ட்தார்ப் முந்தும். போன ஆண்டு ஜெயித்தது இந்த ஆண்டு தோற்கும். அந்த வித்தியாசத்தில் ரகத்தின் பங்கு எவ்வளவு, மண்ணும் மழையும் செய்த வேலை எவ்வளவு?

அலுவலகத்தில் கணக்கு நன்றாகத் தெரிந்தவர் என்பதால், இந்த மாதிரிச் சிக்கல்கள் கோசெட்டின் மேஜைக்கு வர ஆரம்பித்தன.

சின்ன எண்ணிக்கை, பெரிய சிக்கல்

1904-ல் கம்பெனியின் உள்சுற்றுக்காக ஓர் அறிக்கை எழுதினார் கோசெட். அளவீடுகளில் வரும் பிழைகளுக்கான கணித விதியை ஆலையின் வேலைகளில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் விஷயம். ஆனால் ஓர் இடத்தில் அவருக்கே இடித்தது. அன்று இருந்த சூத்திரங்கள் எல்லாம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவீடுகள் கையில் இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டவை. அவரிடம் இருந்ததோ நாலு, ஆறு, பத்து.

அடுத்த ஆண்டு, புள்ளியியலில் அன்று பெரிய பெயராக இருந்த கார்ல் பியர்சனைச் சந்தித்தார். 1906-ல் கம்பெனியே அவரை லண்டனுக்கு அனுப்பியது. யுனிவர்சிட்டி காலேஜில் பியர்சனின் ஆய்வகத்தில் 1907 வரை இருந்தார். பியர்சன் மனிதர்களின் உயரம், மண்டை ஓட்டின் அளவு என்று பெரிய பெரிய தொகுப்புகளில் வேலை செய்தவர். நாலு பாத்திகளை வைத்து முடிவெடுக்கும் பிரச்சினை அவருக்கு அவசரமாகத் தெரியவில்லை. கோசெட்டுக்கு வேறு வழியில்லை. பார்லி ஆண்டுக்கு ஒரு முறைதான் விளையும். ஆயிரம் அளவீடு சேரட்டும் என்று காத்திருந்தால் ஆயுசே முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்று எளிமையாகப் பார்ப்போம். ஒரு சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல, அளவீடுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று தெரிய வேண்டும். ஆயிரம் அளவீடு இருந்தால் சிதறலைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். நாலுதான் இருந்தால், சிதறல் பற்றிய நம் மதிப்பீடே தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நாலும் தற்செயலாக நெருக்கமாக வந்துவிட்டால், நமக்கு இல்லாத தைரியம் வந்துவிடும்.

இதைச் சரிபார்க்க கோசெட் செய்த வேலை சுவாரசியமானது. 3,000 கைதிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அடங்கிய பட்டியல் ஒன்று அப்போது அச்சில் இருந்தது. அந்த எண்களை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்தார். மொத்தம் 750 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நடந்த சிமுலேஷன் இது. அட்டைகள் தந்த விடை, அவர் காகிதத்தில் கண்டுபிடித்த சூத்திரத்தோடு ஒத்துப்போனது.

1908-ல் 'பயோமெட்ரிகா' இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. சாரத்தை இன்றைய வழக்கத்தில் சொன்னால் இப்படி: நிறைய அளவீடுகள் இருந்தால், வித்தியாசம் அதன் பிழையைப்போல 1.96 மடங்கைத் தாண்டினாலே 20-ல் ஒரு வாய்ப்புக்குள் வரும் அரிதான விஷயம் என்று எடுத்துக்கொள்ளலாம். 10 அளவீடுதான் என்றால் 2.26 மடங்கு வேண்டும். நாலுதான் என்றால் 3.18 மடங்கு. குறைவாகப் பார்த்தவர் அதிகமாகத் தயங்க வேண்டும். எவ்வளவு தயங்க வேண்டும் என்பதற்கு முதல்முறையாக ஓர் எண் கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று வயலிலிருந்து வந்ததுதான். சூளையில் உலர்த்திய விதை, உலர்த்தாத விதை, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்த 11 ஜோடிப் பாத்திகளின் விளைச்சல் கணக்கு அது.

பெயர் ஏன் இல்லை?

கட்டுரையில் கோசெட்டின் பெயர் இல்லை. கின்னஸின் பெயரும் இல்லை. தொழில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதால், ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட கம்பெனி அனுமதிக்கவில்லை. புனைபெயரில் என்றால் சரி. அப்படித்தான் 'ஸ்டூடன்ட்' பிறந்தார். பின்னாளில் இன்னொரு கின்னஸ் ஊழியர் 'சோஃபிஸ்டர்' என்ற பெயரில் எழுதினார்.

கம்பெனியின் பார்வையில் இது புரிந்துகொள்ளக்கூடிய கணக்குதான். சின்ன சோதனையிலிருந்து சரியான முடிவெடுக்கத் தெரிந்த ஆலை, போட்டி ஆலைகளைவிட ஒரு படி மேலே இருக்கும். அந்த அறிவு நம்மிடம் இருப்பதே வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

500 பாத்தி, ஒரே கோதுமை

சூத்திரம் கிடைத்துவிட்டது. ஆனால் வயல் அப்படியேதான் இருக்கிறது. அது எவ்வளவு ஏமாற்றும் என்று காட்டிய சோதனை ஒன்று 1910-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் நடந்தது. மெர்சர், ஹால் என்ற இருவர் செய்தது.

ஒரு ஏக்கர் கோதுமை. முழுக்க ஒரே ரகம், ஒரே உரம், ஒரே கவனிப்பு. பார்க்க ஒரே சீராக இருந்த வயல். அறுவடையின்போது அதை 500 சின்னப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட்டார்கள். சராசரி ஒரு பாத்திக்கு சுமார் 3.95 பவுண்டு தானியம். குறைந்தபட்சம் 2.73. அதிகபட்சம் 5.16.

இப்போது ஒரு கற்பனை. அந்த 500 பாத்திகளிலும் 500 புது ரகங்கள் விதைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் முடிவைப் படிக்கிறார். சராசரியைவிட 30 சதவீதம் அதிகம் விளைந்த 'அதிசய ரகம்' ஒன்று அவர் கண்ணில் படும். நாளைக்கே செய்தியாகவும் போட்டுவிடலாம். ஆனால் அங்கே அதிசயம் எதுவும் இல்லை. அந்த இடத்து மண் நல்ல மண், அவ்ளோதான்.

புது ரகம் தேடுபவர்களின் தொடக்கக் கட்டச் சோதனைகளில் இந்த ஆபத்து ரொம்ப அதிகம். இரண்டு ரகங்களைக் கலந்து பெற்ற சந்ததியில் நூற்றுக்கணக்கான செடிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தனி வாரிசு. ஒரு செடியிலிருந்து கிடைப்பது ஒரு பிடி விதைதான். அதைக் கொண்டு பெரிய வயலில் பல இடங்களில் விதைக்க முடியாது. வேட்பாளர்கள் நிறைய, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பரிசோதனை கொஞ்சம். இந்த நிலையில் முதலிடத்துக்கு வருவது பெரும்பாலும் நல்ல ரகமும் நல்ல அதிர்ஷ்டமும் சேர்ந்த ஒன்று. அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் கூட வராது. அதனால்தான் போன ஆண்டு முதலிடம் வந்தது இந்த ஆண்டு கொஞ்சம் இறங்கித் தெரியும்.

மெர்சர், ஹால் எழுதிய ஆய்வறிக்கை 1911-ல் வெளியானது. அதன் பின்னிணைப்பாக 'ஸ்டூடன்ட்' ஒரு குறிப்பு எழுதினார். இருக்கும் நிலத்தில் இரண்டு ரகங்களை ஒப்பிடப் பாத்திகளை எப்படி அடுக்கினால் அதிகப் பயன் கிடைக்கும் என்பதே அந்தக் குறிப்பு.

மண்ணை மண்ணாலேயே அடிப்பது

அவருடைய யோசனையின் அடிப்படை சாதாரண அனுபவம்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மண் ஒரே மாதிரி இருக்கும். தள்ளிப் போகப் போக மாறும். அப்படியென்றால் ஒப்பிட வேண்டிய இரண்டு ரகங்களையும் ஒட்டி ஒட்டி விதைத்து, ஒவ்வொரு ஜோடியிலும் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். நல்ல மண் இரண்டுக்கும் நல்லது செய்யும், கெட்ட மண் இரண்டையும் கெடுக்கும். கழிக்கும்போது மண்ணின் பங்கு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது ரகத்தின் பங்கு.

இதை வயலில் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் வார்மின்ஸ்டர் ஊரில் மால்ட் தொழில் செய்துவந்த எட்வின் பீவன். பார்லி ஆராய்ச்சியில் பழுத்த அனுபவம் உள்ளவர், கோசெட்டின் நண்பர். அவர் இரண்டு கட்டமாகச் சோதித்தார்.

முதல் கட்டம் சதுரங்கப் பலகை முறை. விதை ரொம்பக் குறைவாக இருக்கும்போது இது. ஒரு சதுர கெஜம் அளவுள்ள குட்டிக் கட்டங்கள். ஒவ்வொரு ரகமும் பலகை முழுக்கப் பரவிப் பல கட்டங்களில் வரும். பறவை கொத்தினால் கணக்கே கெட்டுவிடும் என்பதால் மேலே வலைக் கூண்டு போட்டார்.

இதில் தேறியவை இரண்டாம் கட்டத்துக்குப் போகும். அதுதான் அரை டிரில் முறை. விதைக்கும் கருவியான டிரில்லின் விதைப்பெட்டியை நடுவில் தடுத்து, ஒரு பாதியில் 'அ' ரகம், இன்னொரு பாதியில் 'ஆ' ரகம் போட வேண்டும். கருவி வயலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், திரும்பி வரும். திரும்பும்போது பக்கம் மாறிவிடும் இல்லையா? அதனால் நீளப் பட்டைகள் தானாகவே அ, ஆ, ஆ, அ என்ற வரிசையில் விழும்.

இதில் என்ன லாபம்? வயலின் வளம் இடமிருந்து வலமாகச் சீராகக் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பட்டைகளின் வளத்துக்கு 1, 2, 3, 4 என்று மார்க் போடலாம். 'அ' ரகத்துக்குக் கிடைப்பது 1-ம் 4-ம், கூட்டினால் 5. 'ஆ' ரகத்துக்கு 2-ம் 3-ம், அதுவும் 5. இரண்டு பேருக்கும் சம வாய்ப்பு. அதோடு, விவசாயி வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஜெயித்தது யார்?

அயர்லாந்துச் சோதனைகளில் பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது ஆர்ச்சர் முன்னுக்கு வந்தது. அடுத்த கட்டமாக அயர்லாந்து வேளாண் துறையின் ஹெர்பர்ட் ஹன்டர், ஸ்ப்ராட் என்ற ரகத்தோடு ஆர்ச்சரைக் கலந்தார். அதன் வாரிசுகளிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் ஸ்ப்ராட்-ஆர்ச்சர். இங்கிலாந்தில் பீவன் உருவாக்கியது பிளமேஜ்-ஆர்ச்சர். பெயரைப் பார்த்தாலே தெரியும், இரண்டுக்கும் ஒரு பெற்றோர் ஆர்ச்சர்தான்.

இந்த இரண்டு ரகங்களும் பல ஆண்டுகள் பிரிட்டன், அயர்லாந்து பார்லி வயல்களின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. ரகத்தை உருவாக்கியது ஹன்டரும் பீவனும். ஒரு ரகம் நிஜமாகவே இன்னொன்றைவிட மேலா என்று சொல்லும் கணக்குக்குப் பின்னால் கோசெட் இருந்தார்.

1923-ல் தானிய ரகங்களைச் சோதிப்பது பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை இந்த அனுபவம் முழுவதையும் தொகுத்தது. கட்டுரையின் முதல் கவலையே விவசாயியின் வருமானம். எந்த ரகம் அவருக்கு அதிக லாபம் தரும் என்று கண்டுபிடிப்பதுதான் சோதனையின் நோக்கம் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். அதற்கு ஒரே ஊரில், ஒரே ஆண்டில் நடத்திய சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் போதாது. வெவ்வேறு மண், வெவ்வேறு பருவம் என்று பல இடங்களில் பார்த்தால்தான் நாட்டுக்குப் பொருந்தும் பதில் கிடைக்கும்.

எவ்வளவு உறுதி வேண்டும்?

இங்கேதான் கோசெட் இன்றைய பாடப்புத்தகங்களிலிருந்து வேறுபடுகிறார். இன்று பல மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் விதி: 20-ல் ஒரு வாய்ப்புக்குள் வந்தால் முடிவு செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. கோசெட் அப்படி ஒரு நிலையான கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, தப்பானால் எவ்வளவு நஷ்டம், சரியானால் எவ்வளவு லாபம், இன்னொரு சோதனைக்கு எவ்வளவு செலவு என்பதைப் பொறுத்தது என்று 1905-லேயே அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

ரகத் தேர்வில் இதைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு விதமான தப்பு நடக்கலாம். சுமாரான ரகத்தை நல்லது என்று நினைத்து வைத்துக்கொள்வது ஒன்று. அடுத்த ஆண்டு சோதனையில் அது மாட்டிக்கொள்ளும், நஷ்டம் சில பாத்திகள்தான். நல்ல ரகத்தைச் சுமார் என்று நினைத்துத் தூக்கிப் போடுவது இன்னொன்று. அது போனால் போனதுதான், திரும்ப வராது. அதனால் தொடக்கக் கட்டத்தில் வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைக்கலாம். ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு விதை கொடுக்கப் போகும் கடைசிக் கட்டத்தில் வாசலைக் குறுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே கோட்டைப் போட்டால் ஏதோ ஓர் இடத்தில் அடி விழும்.

ஃபிஷரோடு நட்பு, ஃபிஷரோடு சண்டை

கோசெட்டின் கதையில் தவிர்க்க முடியாத இன்னொரு பெயர் ரொனால்ட் ஃபிஷர். 1912-ல், கேம்பிரிட்ஜில் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த இளைஞர் அவர். 'ஸ்டூடன்ட்' சூத்திரத்துக்குக் கறாரான கணித நிரூபணம் கண்டுபிடித்து கோசெட்டுக்குக் கடிதம் எழுதினார். கோசெட்டுக்கு அந்தக் கணிதம் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் ஆள் யார் என்று பிடிபட்டுவிட்டது. அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து கால் நூற்றாண்டு நீடித்தது.

1919-ல் ஃபிஷர் ரோதம்ஸ்டெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கோசெட்டின் சூத்திரத்தை மெருகேற்றி, இன்று நாம் பயன்படுத்தும் 'டி' வடிவத்துக்குக் கொண்டுவந்து, 1925-ல் வெளியிட்ட தன் புத்தகத்தின் மூலம் உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். கோசெட்டின் 1923 கட்டுரையிலும் அவருக்குப் பங்கு உண்டு. சதுரங்கப் பலகையில் பல ரகங்களை ஒரே நேரத்தில் ஒப்பிடும்போது பிழையை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு ஃபிஷர் சொன்ன வழியை கோசெட் அதில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் ஃபிஷர். நாமே ஒரு ஒழுங்கில் அடுக்கினால், மண்ணிலும் அதே ஒழுங்கில் ஏதாவது ஒளிந்திருக்கலாம். பழைய உழவுச் சால்கள்கூட அப்படி ஓடும். குலுக்கல் இல்லாவிட்டால் பிழையை நேர்மையாக அளக்கவே முடியாது என்பது அவர் வாதம்.

கோசெட் மறுத்தார். குலுக்கலில் ஒரு ரகம் முழுக்க நல்ல மண் பக்கமும் இன்னொன்று முழுக்க மட்டமான பக்கமும் விழ வாய்ப்பு இருக்கிறது. அப்படி விழும் என்று கண்ணுக்கே தெரியும்போது அதை ஏன் விதைக்க வேண்டும்? அ, ஆ, ஆ, அ என்று அடுக்கினால் நிஜமான பிழை குறைகிறது. டிரில் ஓட்டும் விவசாயிக்கும் அதுதான் சுலபம்.

1936-ல் இந்தச் சண்டை பொதுவெளிக்கு வந்தது. அரை டிரில் முறையைத் தாக்கி ஃபிஷர் கட்டுரை எழுத, ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டியில் கோசெட் தன் பக்கத்தை எடுத்து வைத்தார். அதற்காக நட்பை முறித்துக்கொள்ளவில்லை. பியர்சனும் ஃபிஷரும் ஒருவரையொருவர் பார்க்கவே பிடிக்காத விரோதிகள். அந்த இருவரோடும் கடைசி வரை நல்லபடியாகப் பழகிய மனிதர் கோசெட்.

கடைசி நாட்கள்

டப்ளினில் இருந்த காலத்தில் வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் தோட்டம், தச்சு வேலை, மீன்பிடித்தல் என்று கழித்தார். படகுகளைக்கூடத் தன் கையாலேயே செய்தார். மனைவி மார்ஜரி, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்று குடும்பம்.

1935-ல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸ் கட்டிய புதிய ஆலைக்கு மாற்றலானார். 1937-ல் தலைமை மதுவடிப்பாளர் பொறுப்பு வந்தது. சில மாதங்கள்தான். அதே ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 61.

ஃபிஷருக்கு அவர் எழுதிய கடைசிப் பதில் 1938-ல், அவர் இறந்த பிறகு, 'பயோமெட்ரிகா'வில் அச்சானது. சமமாக அடுக்கிய பாத்திகளா, குலுக்கிப் போட்ட பாத்திகளா என்பதுதான் அதன் விஷயம். ஒழுங்கான அடுக்கில் கணக்கிடும் பிழை நிஜத்தைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதை அதில் அவரே ஒப்புக்கொண்டார். பெரிய வித்தியாசங்களைத் தவறவிடாமல் பிடிக்க அந்த அடுக்கே மேல் என்பதில் மட்டும் இறங்கி வரவில்லை. 1939-ல் ஃபிஷர் அவரைப் பற்றி ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார். அதற்கும் தலைப்பு 'ஸ்டூடன்ட்'தான்.

இன்று அந்தச் சண்டை என்ன ஆச்சு?

இரண்டு பேரும் ஜெயித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். குலுக்கல் இன்று சோதனைகளின் அடிப்படை விதி. ஆனால் வயல் முழுவதையும் ஒரே கட்டாகக் குலுக்குவதில்லை. ஒரே மாதிரி மண் உள்ள சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, அதற்குள்தான் குலுக்குகிறார்கள். நிறைய ரகங்கள் இருக்கும்போது இதை எப்படிச் செய்வது என்று ரோதம்ஸ்டெட்டின் ஃபிராங்க் யேட்ஸ் 1936-ல் ஒரு முறை வகுத்தார். 1956-ல் வால்டர் ஃபெடரர் இன்னொரு வழி சொன்னார். விதை குறைவாக உள்ள புது வாரிசுகளை ஒரே ஒரு முறை விதைத்துவிட்டு, ஏற்கெனவே நன்கு தெரிந்த ரகத்தை வயல் முழுக்கத் திரும்பத் திரும்ப விதைப்பது. அந்தப் பழைய ரகம் அங்கங்கே மண் எப்படி என்று காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது கம்ப்யூட்டர்கள் பக்கத்துப் பாத்திகளின் விளைச்சலையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒரே ஒரு பாத்தியில் உச்சம் தொட்ட ரகத்தின் மார்க்கைச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் பட்டியல் போடுகின்றன. எவ்வளவு குறைவாகப் பார்த்தோமோ அவ்வளவு இழுப்பு. குறைவாகப் பார்த்தவர் அதிகம் தயங்க வேண்டும் என்ற 1908-ன் அதே பாடம்தான்.

ஒரு புது நெல்லோ கோதுமையோ ஏக்கருக்கு இவ்வளவு கூடுதலாக விளையும் என்று செய்தி வந்தால், எத்தனை பாத்தி, எத்தனை ஊர், எத்தனை பருவம், பக்கத்தில் எந்த ரகத்தை வைத்து ஒப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். டப்ளின் ஆலையில் உட்கார்ந்து கோசெட் கேட்டுக்கொண்டிருந்ததும் இதைத்தான்.